வளைந்த படிக்கட்டுக்குக் கைப்பிடி கீறும்போது

கோண்டாவிலில் ஒரு வீடு. மகன் கனடாவில் இருந்து காசு அனுப்பி, தாய் தகப்பனுக்காகக் கட்டியது. நடு ஹோலில் அரை வட்டமாக ஏறும் படிக்கட்டு. உள்பக்கக் கைப்பிடியைக் கீறிவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது தெரிந்த ஆரை 975 மி.மீ. என்பதையே குழாய் வளைக்கும் பட்டறைக்கு எழுதிக் கொடுத்தேன். கொடுத்தபடியே வளைத்துத் தந்தார்கள். கொண்டுவந்து படியோடு சாய்த்துப் பிடித்தால், குழாய் நடு வெற்றிடத்துக்குள் சுருண்டுகொண்டு நிற்கிறது. பிழை என்னுடையது. குழாய்க் காசையும் நானே கட்டினேன்.

என்னிடம் படம் கீறப் பழகும் தம்பி கேட்டான்: “அக்கா, மேலே இருந்து பார்க்க 975 தானே? பிறகு ஏன் பொருந்தவில்லை?”

ஒரு பால்மா ரின்னை எடுத்துக்கொண்டோம். காகிதத்தில் செங்கோண முக்கோணம் ஒன்றை வெட்டி ரின்னைச் சுற்றி ஒட்டினோம். முக்கோணத்தின் சாய்ந்த பக்கம்தான் கைப்பிடி. காகிதத்தில் அது நேர்கோடு, ரின்னில் சுருளி. ரின்னில் படுக்கையாகப் போகும் கோட்டுக்கு ரின்னின் முழு வளைவும் உண்டு. நெட்டுக்குத்தாக நிற்கும் கோட்டுக்கு வளைவே கிடையாது. கைப்பிடி இந்த இரண்டுக்கும் நடுவில் போகிறது. ஆகவே எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, குழாயில் அவ்வளவு குறைவாகத்தான் வளைவு இருக்கும்.

அந்தப் படிக்கட்டின் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். தளத்திலிருந்து தளம் 3325 மி.மீ.; 19 ஏற்றம், ஒவ்வொன்றும் 175. நடுவில் 18 மிதிபடி, ஒவ்வொன்றும் 10 பாகை, மொத்தம் 180. உள்பக்கக் கைப்பிடியின் ஆரை 975, வெளிப்பக்கத்தினது 1925. கைப்பிடி முதல் படியின் விளிம்பில் தொடங்கி மேல்தளத்தின் விளிம்பில் முடிகிறது, அதனால் அது ஏறும் உயரம் 18 தரம் 175, அதாவது 3150. அரைச் சுற்றுக்கு 3150 என்றால் முழுச் சுற்றுக்கு 6300.

இப்போது 6300-ஐ 6.2832-ஆல் (பையின் இரு மடங்கு) வகுத்தால் 1002.7. அதை அதனாலேயே பெருக்கி, ஆரையால் வகுத்து, வரும் விடையோடு ஆரையைக் கூட்டுங்கள். உள்பக்கத்துக்கு 1031 + 975 = 2006 மி.மீ. வெளிப்பக்கத்துக்கு 522 + 1925 = 2447 மி.மீ. பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய ஆரை இவைதான். 975 எங்கே, 2006 எங்கே! இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, கொம்பியூட்டருக்கு முன் இருப்பதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. கட்டிட வரைபடத்தை நம்பிக் கைப்பிடி கீறாதீர்கள். கொன்கிரீட் போட்ட பிறகு படிக்கட்டு வரைபடத்தில் இருந்தபடியே இருக்காது. நேரில் போய் அளக்க வேண்டும், அதுவும் தரை ஓடும் கிரனைட்டும் பதித்த பிறகு. தரைக்கு ஒரு தடிப்பு, படிக்கு இன்னொரு தடிப்பு என்று பதித்திருந்தால் முதல் ஏற்றமே மாறிவிடும்.

ஆரையை அளக்க, படியின் உள்விளிம்பிலிருந்து மூன்று நான்கு இடத்தில் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் அடையாளம் போடுங்கள். அந்தப் புள்ளிகளைத் தொட்டு ஒரு வளைவை இழுத்து, 1200 மி.மீ. நேர்சட்டம் ஒன்றை, இரு நுனியும் வளைவைத் தொடும்படி அதன் குறுக்கே வையுங்கள். சட்டத்தின் நடுவிலிருந்து வளைவுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சட்ட நீளத்தின் வர்க்கத்தை அந்தத் தூரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, தூரத்தின் பாதியைக் கூட்டினால் ஆரை வரும். எனக்கு 229 வந்தது, ஆரை 900. கைப்பிடியின் நடுக்கோடு விளிம்பிலிருந்து படியின் பக்கமாக 75 தள்ளி என்பதால் 975. ஒரு விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இரண்டு இடத்தில் வேறு வேறு ஆரை வந்தால் அது வட்டமே இல்லை. அதை அன்றைக்கே மேசனாரோடு நின்று பேசுவது நல்லது.

கொம்பியூட்டரில் படம் கீற நான் பாவிப்பது ஃப்ரீகேட் என்ற மென்பொருள். காசு கட்டத் தேவையில்லை. பார்ட் பகுதியில் ஹீலிக்ஸ் (சுருளி) எடுத்து, பிட்ச் (முழுச் சுற்றுக்கு ஏறும் உயரம்) 6300, உயரம் 3150, ஆரை 975 என்று கொடுங்கள். ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் படி என்றால் வலக்கைச் சுருளி, வலப்பக்கம் திரும்பினால் இடக்கைச் சுருளி. முதல் படியின் விளிம்பு தரையிலிருந்து 175, அதற்கு மேல் கைப்பிடி 900. ஆகவே சுருளியை 1075 உயரத்தில் வையுங்கள். அந்த 900-ஐச் சரிவுக்குச் செங்குத்தாக எடுக்காமல், நிலத்துக்கு நெட்டுக்குத்தாக எடுக்க வேண்டும்.

அப்புறம் அளந்து வந்த ஒவ்வொரு படி விளிம்பிலும் 900 உயரத்துக்கு ஒரு கோடு நிறுத்திப் பாருங்கள். சில கோடுகள் சுருளிக்கு மேலே நிற்கும், சில கீழே. பத்து மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியை ஏற்றி இறக்கப் போனால் கம்பி அலையடிக்கும். படியில் இருக்கும் பத்து மில்லிமீற்றரைக் கால் பொறுத்துக்கொள்ளும், கைப்பிடியில் உள்ள அலையைக் கை உடனே கண்டுபிடித்துவிடும். வயதான அம்மா ஒருவர் இரவில் பிடித்து இறங்கப்போகும் கம்பி அது.

வட்டக் குழாய் என்றால் ஸ்வீப் (குறுக்குவெட்டைச் சுருளி வழியே இழுப்பது) கொடுத்தவுடன் வேலை முடிந்தது. ஓடாவியார் முதிரையிலோ தேக்கிலோ செய்யப்போகும், மேற்பக்கம் தட்டையான கைப்பிடி என்றால்தான் கவனம் வேண்டும். வெறும் ஸ்வீப்பில் அந்தத் தட்டை மெல்ல மெல்லப் புரண்டுகொண்டே போகும். தனிச் சுருளிக்கு ஃப்ரெனே (பாதையின் வளைவைப் பார்த்துத் தட்டையைத் திருப்பும் முறை) என்பதைத் தெரிவுசெய்தால் போதும். சுருளி மேல்தளத்தின் நேர்க் கைப்பிடியோடு சேருகிற பாதை என்றால் ஃப்ரெனே குழம்பும், நேர்கோட்டில் அதற்குப் பிடிக்க ஒரு வளைவு இல்லை. பார்ட் டிசைனில் அடிட்டிவ் பைப் எடுத்து, பைநார்மல் (நாம் சொல்லும் ஒரே திசையைப் பிடிக்கும் முறை) என்று வைத்து, Z திசைக்கு, அதாவது மேல்நோக்கி, 1 கொடுங்கள். தட்டை கடைசிவரை மேலே பார்த்தபடியே போகும்.

அந்தச் சேருமிடத்தைச் சும்மா மூலையாக விடாதீர்கள். கர்வ்ஸ் என்ற மேலதிகப் பகுதியை நிறுவிக்கொண்டால் பிளெண்ட் கர்வ் கிடைக்கும். சுருளியின் நுனியையும் நேர்கோட்டின் நுனியையும் மெதுவாக வளைத்து இணைத்துத் தரும்.

பட்டறைக்குப் படத்தோடு ஒரு தாளும் கொடுக்கிறேன். அதில் வளைக்கும் ஆரை, குழாயின் நீளம், திரும்பும் பக்கம், இவ்வளவுதான். நீளம் உள்பக்கம் 4394, வெளிப்பக்கம் 6819. கடையில் வாங்கும் 20 அடிக் குழாய் 6096 மி.மீ.தான், எனவே வெளிப்பக்கத்தில் ஓர் ஒட்டு வந்தே தீரும். அது எந்தத் தூணுக்கு மேலே வர வேண்டும் என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். வளைக்கும் இயந்திரம் குழாயின் இரு நுனியிலும் கொஞ்சத்தை நேராகவே விடும், அதற்கு எவ்வளவு கூட்டி வெட்ட வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் பக்கத்தைக் குறியீட்டால் காட்டாமல், “கீழே நின்று ஏறும்போது இடப்பக்கம் திரும்பும்” என்று தமிழில் பெரிதாக எழுதுகிறேன்.