குழந்தைக்கு டிரை பண்ற ஆம்பளைங்க பண்ற தப்புங்க, முக்கியமா அந்த ஜிம் ஊசி

தம்ம விடு, தண்ணிய கொற, தொப்பைய கொற, நேரத்துக்கு தூங்கு, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, உண்மையும்தான், அதனால நான் திரும்ப சொல்லப் போறதில்ல. கோயம்புத்தூர்ல ஒரு குழந்தையின்மை சென்டர் லேப்ல விந்து பரிசோதனை பண்றதுதான் என் வேலை. புதுசா கல்யாணமாகி வர்ற பசங்கள பாத்தா எங்க செட்டு ஆளுங்க அந்த காலத்துல பண்ணின அதே கூத்தையே திரும்ப பண்றாங்க, அதான் எழுதி வச்சிரலாம்னு.

பொண்டாட்டிய மட்டும் டெஸ்டுக்கு அனுப்புறது

பாதி கேஸ்ல ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க.

சிந்தினத சொல்லாம விடுறது

சாம்பிள் எடுக்கறப்ப மொத சொட்டு டப்பாக்கு வெளிய போயிருச்சுன்னா கூச்சப்படாம சொல்லிருங்க. விந்தணு அதிகமா இருக்கறதே அந்த மொத பாகத்துலதான். மிச்சத்த வச்சு நாங்க எண்ணினா கவுன்ட் கம்மியாதான் வரும், அப்புறம் அந்த பேப்பர வச்சுக்கிட்டு நீங்க தூக்கத்த தொலைப்பீங்க. எச்சி, எண்ணெய், கடையில வாங்கின காண்டம் எதுவும் வேணாம். வீட்ல எடுத்தா உடம்போட ஒட்டி வச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துருங்க.

ஒரே ரிப்போர்ட்ட பாத்து உடைஞ்சு போறது

ஒரு விந்தணு உருவாகி வெளிய வர்றதுக்கு கிட்டத்தட்ட 3 மாசம் ஆகும். அப்ப இன்னிக்கு குடுக்கற சாம்பிள் சொல்றது போன சீசன் கதைய. ரெண்டு மாசம் முன்னாடி டெங்கு வந்து காய்ச்சல்ல கிடந்திருந்தா இப்ப கவுன்ட் விழுந்திருக்கும், அது தானா ஏறும். அதுக்கப்புறம், 2லிருந்து 7 நாள் விந்து வெளிய போகாம இருந்து, இன்னொரு தடவ குடுத்து பாருங்க. இன்னொன்னு, "96 சதவீதம் அப்நார்மல்னு போட்டிருக்குதுங்ணா"ன்னு கண்ணு கலங்கி வர்றவங்க நெறய பேரு. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுல நல்ல வடிவத்துல 4 சதவீதம் இருந்தாலே போதும்னுதான் இருக்கு. அதே மாதிரி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுன்னு ஒரு கீழ் எல்லை போட்டிருக்காங்க, அதுக்கு கீழ போனா குழந்தையே பொறக்காதுன்னு எங்கயும் சொல்லல.

ஜிம் ஊசி போட்டுக்கிட்டே குழந்தைக்கு டிரை பண்றது

இதுதான் எனக்கு இன்னும் ஆறல. திருப்பூர் பக்கமிருந்து ஒரு பையன், முப்பது வயசு இருக்காது, சட்டைக் கையி தையல் தெறிச்சிரும் போல அப்படி ஒரு உடம்பு. கூட வந்த பொண்ணு கையில தடியா ஒரு ஃபைல், உள்ள எல்லாமே அவ பேருல: மாசா மாசம் முட்டை வளர்ச்சி பாக்கற ஸ்கேன், மருந்து விட்டு எடுக்கற கருக்குழாய் எக்ஸ்ரே, அது எப்படி வலிக்கும்னு எடுத்தவங்கள கேளுங்க, முட்டை வளர மாத்திரை, ரிசல்ட் எல்லாம் நார்மல். அவன் பேருல ஒரு துண்டு பேப்பர் கிடையாது. சாம்பிள மைக்ரோஸ்கோப்ல வச்சு பாத்தா காலி. அப்படியே சைபர்னு எழுதிர முடியாது, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி அடியில தங்கினத எடுத்து ஸ்லைடு ஸ்லைடா தேடினேன், அதுலயும் ஒண்ணு கூட இல்ல.

அப்புறம் ஹார்மோன் ரிப்போர்ட் வந்துச்சு. டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆம்பளை ஹார்மோன் 1500ஐ தாண்டி நிக்குது, சாதாரணமா 300ல இருந்து 1000 வரைக்கும்தான் இருக்கும். விரைய வேலை செய்ய சொல்லி மூளை பக்கமிருந்து வர்ற ஹார்மோன்களான எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ரெண்டும் மெஷினுக்கே எட்டாத அளவு கீழ. பையன் அந்த 1500ஐ மட்டும் பாத்துட்டு "சூப்பரா இருக்குதுங்ணா"ங்கறான். விரையே கெட்டுப் போயிருந்தா எஃப்எஸ்ஹெச் மேல ஏறியிருக்கணும். இது ரெண்டும் படுத்துக் கிடந்து டெஸ்டோஸ்டிரோன் மட்டும் எகிறுதுன்னா வெளிய இருந்து ஏதோ உள்ள போகுது. டாக்டர் கேட்டா புரோட்டீன் பவுடர் மட்டும்தான்னு சாதிச்சான், பொண்ணு வெளிய போனதுக்கப்புறம்தான் வாயத் தொறந்தான். ஜிம் கோச் போட்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசியாம், "ஆம்பளை ஹார்மோன்தானடா, குழந்தைக்கும் நல்லது"ன்னு வேற சொல்லிக் குடுத்திருக்கான் அந்த மகராசன்.

நடக்கறது என்னன்னா, ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் நெறய ஓடறத பாத்ததும் மூளை விரைக்கு அனுப்பற ஆர்டர நிறுத்திரும், சரக்கு வெளிய இருந்து வந்து குவியுதுன்னு ஓனர் சொந்த கம்பெனிய பூட்டற மாதிரி. விந்தணு தயாராக விரைக்குள்ள ரத்தத்துல இருக்கறத விட பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேணும், அத விரையே செஞ்சாத்தான் உண்டு, ஊசியால ஈடு கட்ட முடியாது. 1990ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு ஆய்வுல வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசிய ஆம்பளைங்களுக்கு கருத்தடையா குடுத்து பாத்தாங்க, நல்லாவே வேலை செஞ்சுச்சு. இந்த பசங்க ஜிம்ல அத விட அதிகமா போட்டுக்கிட்டு பொண்டாட்டிய ஸ்கேனுக்கு அனுப்பறாங்க.

நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு திரும்ப வந்துரும், ஆனா 6 மாசமும் ஆகலாம் 1 வருஷமும் ஆகலாம், சிலருக்கு 2 வருஷம் கூட இழுக்கும், எவ்ளோ நாள் என்னென்ன போட்டீங்கங்கறத பொறுத்தது. அந்த இடைவெளில பொண்ணோட வயசு நிக்காதுல்ல. நிறுத்தினதும் சோர்வு, மனசு இறங்கறது, ஆசை குறையறதுன்னு வரும், அதுக்கு பயந்துதான் பாதி பேரு திரும்ப ஊசிக்கே போறாங்க. ஊசி கோர்ஸ் முடிஞ்சதும் கோச் குடுக்கற "சைக்கிளுக்கு அப்புறம்" மாத்திரைய முழுங்காம ஆண்மை சிறப்பு டாக்டர்கிட்ட போங்க, ஹெச்சிஜி ஊசி, க்ளோமிஃபின்னு விரைய திரும்ப வேலைக்கு கிளப்பி விடற மருந்து இருக்கு. போட்ட ஊசி பேர மறைக்காம சொல்லிருங்க.

ஜிம்முக்கே போகாத ஆளும் இதுல மாட்டுவாங்க. சுகர், தொப்பை, எப்பவும் அசதின்னு போயி, டெஸ்டோஸ்டிரோன் கம்மின்னு தெரிஞ்சு ஜெல்லோ ஊசியோ எழுதி வாங்கிட்டு வருவாங்க, குழந்தை பிளான் இருக்கான்னு அங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவங்க கேக்கலன்னா நீங்களா சொல்லுங்க, குழந்தை வேணும்ங்கறவங்களுக்கு வெறும் டெஸ்டோஸ்டிரோன் குடுக்கவே கூடாதுன்னுதான் அமெரிக்க யூராலஜி சங்கத்தோட வழிகாட்டுதலே இருக்கு.

சுகர் இருக்கறத லேப்ல சொல்லாதது

பல வருஷ சுகர்ல நரம்பு பாதிச்சா விந்து வெளிய வராம பின்னாடி மூத்திரப்பைக்கு போயிரும். அளவு ரொம்ப கம்மியா வந்தா மூத்திரத்தையும் பாக்கணும், அதுக்குத்தான் கேக்கறோம்.

டப்பா டப்பாவா ஜிங்க் மாத்திரை

2020ல அமெரிக்காவுல 2,370 ஜோடிங்கள வச்சு ஜிங்க்கும் ஃபோலிக் ஆசிடும் குடுத்து பாத்தாங்க, விந்தணுவும் கூடல, பொறந்த குழந்தைங்க எண்ணிக்கையும் கூடல. ஆனா மெடிக்கல்ல போயி அத வாங்கறவங்க டாக்டர் முன்னாடி பேன்ட்ட கழட்ட கூச்சப்பட்டு செக்கப்ப தள்ளிப் போடறாங்க. விரைப்பை நரம்பு புடைச்சுக்கற வெரிகோசில், குழந்தை இல்லன்னு வர்ற ஆம்பளைங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேலயே இருக்கும். ரிப்போர்ட்டும் மோசமா இருந்தா ஆபரேஷன் பண்ணி நிறைய பேருக்கு தேறும். அத கண்டுபிடிக்க டாக்டர் உங்கள நிக்க வச்சு கையால தொட்டு, ஒரு தடவ முக்கச் சொல்லி பாக்கணும், அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்.