மொதல்ல மாடல், கடைசில மெஷின்: வீட்டு வேலை நடக்கும்போது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கற விஷயம்

வீட்டை ஆல்டர் பண்ண ஆரம்பிச்சதும் நெறைய பேர் ரெண்டுல ஒரு தப்பு பண்ணுவாங்க. ஆஃபர் போட்டிருக்கான்னு மொத மாசமே எல்லாத்தையும் வாங்கி ஹால்ல அடுக்கி மேல பழைய பெட்ஷீட்டை போத்தி வெச்சிடுவாங்க, இல்லன்னா எல்லா வேலையும் முடியட்டும் பாத்துக்கலாம்னு விட்டுட்டு கடைசில ஆசாரி விட்ட சந்துக்குள்ள எது நுழையுதோ அதைத்தான் வாங்கணும்ங்கற நெலமைல வந்து நிப்பாங்க. நான் சொல்றது என்னன்னா, எந்த மாடல்னு முடிவு பண்றது சுவத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி, காசு குடுத்து வீட்டுக்குள்ள எறக்கறது பெயின்ட் அடிச்சு முடிக்கற நேரத்துல.

ஏன் லேட்டா எறக்கணும்னா, வாரன்ட்டி பெரும்பாலும் பில் போட்ட தேதிலேர்ந்து ஓட ஆரம்பிச்சிடும், டப்பாக்குள்ள சும்மா தூங்கற நாலஞ்சு மாசமும் அதுல கழிஞ்சிடும். உள்ள ஏதாச்சும் அடிபட்டிருந்தாலும் தெரியாது, பிரிச்சு பாக்கறதுக்குள்ள மாத்திக் குடுக்கற தேதி தாண்டிடும். டைல்ஸ் கட் பண்ற தூசி வேற, எவ்வளவு போத்தி வெச்சாலும் உள்ள போகும்.

ஏன் சீக்கிரம் முடிவு பண்ணணும்னா, பாயின்ட் எங்க வரணும், டிரெயின் எங்க வரணும், ஷெல்ஃப் எவ்வளவு அகலம்னு எல்லாமே மாடலைப் பொறுத்துதான். பிடிச்ச மாடலோட இன்ஸ்டலேஷன் மேனுவலை கம்பெனி சைட்லேர்ந்து எறக்கி, அளவு போட்ட பக்கத்தை பிரின்ட் எடுத்து ஆசாரி, எலக்ட்ரீசியன், பிளம்பர் மூணு பேர் கைலயும் ஒண்ணு ஒண்ணு குடுங்க. ஃப்ரிட்ஜுக்கு எல்லாம் ஒரே சைஸ்தான் சார்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

எங்க வீட்டுல நடந்ததை சொல்றேன். டிஷ்வாஷருக்கு மேடைக்கு அடில 86 சென்டிமீட்டர் இருக்கு, மெஷின் 84.5, தாராளம்னு நெனச்சு ஆர்டர் போட்டுட்டேன். அப்புறம் பழைய தரைக்கு மேலயே புது டைல்ஸ் ஒட்டினாங்க, பசையும் டைலுமா ரெண்டு சென்டிமீட்டர் தரை ஏறிடுச்சு. மெஷின் வந்த அன்னிக்கு அரை சென்டிமீட்டர்ல முட்டிக்கிட்டு நிக்குது, மெஷினோட அடிக்காலை எவ்வளவு திருகினாலும் எறங்கல. நல்ல வேளையா அந்த மாடல்ல மேல் பலகையை பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ எடுத்துட்டு கழட்டலாம், கழட்டினதும் உள்ள போச்சு. எல்லா மாடல்லயும் அப்படி கழட்ட முடியாது. அதனால அளவு எடுத்தா முடிஞ்ச தரைலேர்ந்து எடுங்க, டைல்ஸ் இன்னும் போடலன்னா எவ்வளவு ஏறும்னு கேட்டு கழிச்சுக்கோங்க. இடது, நடு, வலதுன்னு மூணு எடத்துல டேப் புடிச்சு எது கம்மியோ அதை எழுதிக்கோங்க, பழைய சுவர் நேரா இருக்கறது அபூர்வம்.

ஃப்ரிட்ஜுல அகலம் மட்டும் பாத்தா போதாது. பக்கத்துல, பின்னாடி, மேல எவ்வளவு கேப் விடணும்னு மேனுவல்ல இருக்கும், அந்த கேப் வழியாதான் சூடு வெளிய போகணும், இல்லன்னா கம்ப்ரெஸர் நிக்காம ஓடும். கதவு வேற. சுவத்தோரமா வெச்சா கதவு 90 டிகிரிக்கு மேல தொறக்காது, உள்ள இருக்கற டிராயரை முழுசா இழுக்க முடியாது, தெனமும் கடுப்பாகும். அப்புறம் வீட்டு வாசல், படி திரும்பற எடம், லிஃப்ட், சமையல்கட்டு நெலை, இது எல்லாத்தையும் அளந்து பாருங்க, மெஷின் அளவோட இல்ல, அட்டைப்பெட்டி அளவோட.

கரன்ட் விஷயத்துல ஒரு சின்ன கணக்கு. லேபிள்ல இருக்கற வாட்ஸை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர் வரும். 230 வோல்ட் லைன்ல 3500 வாட்ஸ் ஓவன் 15 ஆம்பியர் இழுக்கும், 7000 வாட்ஸ் இன்டக்ஷன் ஹாப் 30 ஆம்பியர். இதெல்லாம் சாதாரண பிளக் பாயின்ட்ல சொருகற சமாச்சாரம் இல்ல, போர்டுலேர்ந்து தனி வயர், தனி எம்சிபி (லோடு தாண்டினா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) வேணும், சுவர் தொறந்து கெடக்கும்போதே இழுத்துடணும். பாயின்ட்டை மெஷினுக்கு நேர் பின்னாடி வெக்காதீங்க, பிளக்கே அஞ்சு சென்டிமீட்டர் முன்னால துருத்தும், அவ்வளவு தூரம் மெஷினும் வெளிய நிக்கும். பக்கத்து கப்போர்டுக்குள்ள வெச்சா ஏதாச்சும்னா கை விட்டு ஆஃப் பண்ணலாம்.

தண்ணிக்கு வருவோம். டேங்க் தண்ணி 10 மீட்டர் உசரத்துலேர்ந்து வந்தா கிட்டத்தட்ட 1 பார் பிரஷர், 3 மீட்டர்னா வெறும் 0.3 தான். மேனுவல்ல குறைஞ்சபட்சம் 0.05 மெகாபாஸ்கல்னு போட்டிருந்தா அது 0.5 பார், அப்ப மேல் மாடில டேங்குக்கு நேர் கீழ இருக்கறவங்களுக்கு தண்ணி வரலன்னு எரர் காட்டி நின்னுடும். பிரஷர் பம்ப் வேணுமான்னு பிளம்பர்கிட்ட இப்பவே பேசிடுங்க. டிரெயின் ஹோஸ் எவ்வளவு உசரத்துல மாட்டணும்னும் மேனுவல்ல இருக்கும், ரொம்ப தாழ்வா விட்டா சில மெஷின்ல ரொப்பற தண்ணி தானா ஓடிடும்.

ஏசிக்கும் சிம்னிக்கும் ஒரே விதிதான், பைப் எவ்வளவு குட்டையோ, வளைவு எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. ஏசி டிரெயின் பைப்புக்கு வாட்டம் குடுக்காம சுவத்துக்குள்ள பொதைச்சுட்டா அப்புறம் புது பெயின்ட்ல தண்ணி எறங்கும்.

சரி, எதை வாங்கறது? வாஷிங் மெஷின்ல போட்டிருக்கற கிலோ காஞ்ச துணியோட எடை, ஈரத் துணிக்கு இல்ல, இது தெரியாம தேவைக்கு மேல பெருசு வாங்கறவங்க உண்டு. கரன்ட் செலவை லேபிள்ல வருஷக் கணக்குல பாருங்க. ஒரு ஃப்ரிட்ஜ் வருஷத்துக்கு 200 யூனிட், இன்னொண்ணு 320 யூனிட்னா, பத்து வருஷத்துல வித்தியாசம் 1200 யூனிட், அதை உங்க யூனிட் ரேட்டால பெருக்கினா வெலை அதிகமா இருக்கற ஃப்ரிட்ஜ் நெஜமாவே அதிகமான்னு தெரிஞ்சிடும். வைஃபை, போன்ல ஆன் பண்றதெல்லாம் எனக்கு பெருசா படல, மூணு நாள் பயன்படுத்துவோம் அவ்வளவுதான். அதுக்கு பதிலா சர்வீஸ் ஆள் எவ்வளவு நாள்ல வருவார், மெஷினுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டு போனா ஸ்பேர் கெடைக்குமான்னு விசாரிங்க. பில்ட்-இன், அதாவது கப்போர்டுக்குள்ள பதிக்கற மாடல், பாக்க அழகா இருக்கும், ஆனா அடுத்த தடவை மாத்தும்போது அதே அளவுல தேடி அலையணும். பட்ஜெட் இடிச்சா தனியா நிக்கற ஃப்ரீஸ்டாண்டிங் மாடலுக்குதான் என் ஓட்டு.

எல்லாத்தையும் ஒரே பிராண்ட்ல செட்டா எடுத்தா டிஸ்கவுன்ட்னு சொல்வாங்க. தனித்தனியா விலை எழுதித் தரச் சொல்லி கூட்டிப் பாருங்க, டெலிவரி, ஃபிட்டிங், ஹோஸ், ஸ்டாண்டு எல்லாம் அதுல சேத்தியான்னும் கேளுங்க. வீட்டு வேலை சொன்ன தேதில முடியவே முடியாது, அதனால டெலிவரி தேதியை தள்ளிப் போட்டா காசு உண்டான்னு பில் போடறதுக்கு முன்னாடியே பேசிடணும்.

டெலிவரி அன்னிக்கு, கொண்டு வந்தவங்க கெளம்பறதுக்கு முன்னாடி பெட்டியப் பிரிச்சு நாலு பக்கமும் பாத்து போட்டோ எடுத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. ஃப்ரிட்ஜை படுக்க வெச்சு கொண்டு வந்திருந்தா உடனே ஆன் பண்ணாதீங்க, கம்ப்ரெஸர் ஆயில் பழைய எடத்துக்கு எறங்கணும், எத்தனை மணி நேரம்னு மேனுவல் சொல்லும். ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின்னா பின்னாடி டிரான்சிட் போல்ட் (வழில டிரம் ஆடாம புடிச்சு வெக்கற போல்ட்) இருக்கும், அதை கழட்டாம ஓட்டினா மெஷின் ரூம் முழுக்க குதிக்கும். கழட்டின போல்ட்டை தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு பில்லோட வெச்சுக்கோங்க, என்னிக்காவது வீடு மாத்தினா மறுபடி மாட்டணும்.