வீடு ஆடினா என்ன ஆகும்: கம்பி கட்டும்போதும் பீரோ வைக்கும்போதும் பாக்க வேண்டியது

2001 ஜனவரி 26 காலைல குஜராத் புஜ் பக்கம் 7.7 அளவுல நிலநடுக்கம் வந்துச்சுல்ல, அங்கருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்குற அகமதாபாத்ல பில்லர் போட்டு கட்டின அபார்ட்மெண்ட்டுங்க சரிஞ்சு உக்காந்துச்சு. நிறைய எடத்துல கீழ கார் நிறுத்த வெறும் பில்லர், மேல மாடிக்கு மாடி செங்கல் சுவர். சுவர் இருக்குறதால மேல விறைப்பா நிக்கும், ஆட்டம் மொத்தமும் கீழ இருக்குற பில்லர் தலைல விடியும். நம்ம ஊர்லயும் இப்ப எந்த தெருவுக்கு போனாலும் இப்படி கீழ வெறும் பில்லர் விட்ட ஸ்டில்ட் பார்க்கிங்தான், சென்னைய 2002லயே நிலநடுக்க அபாய வரைபடத்துல ஜோன் 3க்கு (எண் ஏற ஏற ஆபத்து ஜாஸ்தி) ஏத்திட்டாங்க, அதனால இங்கல்லாம் எங்க வரப்போகுதுன்னு விட்டுட முடியாது.

புதுசா கட்டுறவங்க முதல்ல பாக்க வேண்டியது ரிங். பில்லர் கம்பிய சுத்தி போடுற அந்த 8 எம்எம் ரிங்கோட ரெண்டு முனையையும் சும்மா எல் மாதிரி மடிச்சு விட்டுடுவாங்க, ஆட்டத்துல வெளிப்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த மடிப்பு விரிஞ்சுக்கும், உள்ள இருக்குற நேர் கம்பி வெளிய பிதுங்கி வளையும், அதோட பில்லர் காலி. முனைய 135 டிகிரிக்கு, அதாவது பில்லரோட நடுப்பக்கம் பாத்து உள்ள திரும்புற மாதிரி மடிக்கணும், மடிச்சதுக்கப்புறம் வால் குறைஞ்சது 65 எம்எம் இருக்கணும். பில்லரோட மேல் முனை கீழ் முனை ரெண்டுலயும் குறைஞ்சது 450 எம்எம் தூரத்துக்கு ரிங் நெருக்கமா வரணும், இடைவெளி 100 எம்எம்ம தாண்டக் கூடாது. பீமும் பில்லரும் சேருற எடத்துக்குள்ளயும் ரிங் போகணும், கை நுழையலன்னு அங்கதான் விட்டுடுவாங்க. மேஸ்திரி "இருபது வருஷமா இப்படித்தான் சார் கட்டுறோம்"பாரு, இருபது வருஷமா ஆடலயே, எப்படி தெரியும். கான்கிரீட் போட்டுட்டா பாக்க முடியாது, அதனால பலகை அடைக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னு போட்டோ எடுத்து இன்ஜினியருக்கு அனுப்புங்க.

பில்லர் இல்லாம செங்கல் சுவர் மேலயே தளம் போடுற வீடுன்னா லிண்டல் மட்டத்துல, அதாவது கதவு ஜன்னலுக்கு நேர் மேல, கான்கிரீட் பெல்ட் எல்லா சுவர் மேலயும் விடாம சுத்தி வரணும், ஜன்னலுக்கு மேல மட்டும் துண்டு துண்டா போட்டா அது லிண்டல்தான், பெல்ட் இல்ல. மூலைல கம்பி வளைஞ்சு அடுத்த சுவருக்குள்ள போகணும். ஜன்னல கொண்டுபோய் மூலைய ஒட்டி வைக்காதீங்க.

ஏற்கனவே கட்டியாச்சா? ஸ்டில்ட் இருந்தா கீழ சில எடத்துல கான்கிரீட் சுவர் எழுப்பலாம், பில்லருக்கு பில்லர் குறுக்கா இரும்பு போட்டு இறுக்குற ஸ்டீல் பிரேசிங் கொடுக்கலாம், பில்லர சுத்தி புது கம்பி கட்டி தடிமனாக்கலாம். எங்க எதுன்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் கணக்கு போட்டு சொல்லணும், நீங்களே ஒரு மூலைல சுவர் வச்சா கட்டடம் முறுக்கிக்கும், இன்னும் மோசம்.

சாமான் விஷயம் நாமளே ஒரு ஞாயித்துக்கிழமைல முடிச்சிடலாம். ஸ்டீல் பீரோ, புத்தக ஷெல்ஃப், ஷோகேஸ் மூணையும் தலைப்பக்கம் எல் ஆங்கிள் வச்சு சுவரோட போல்ட் பண்ணுங்க, டிரில் பூச்சோட நிக்காம செங்கல் வரைக்கும் ஆழமா போகணும். கனமானது கீழ் தட்டுல. கட்டில் தலைமாட்டுக்கு மேல கண்ணாடி போட்ட படம் வேண்டாம், லாஃப்ட் ஓரத்துல அண்டா குண்டான அடுக்கி வச்சிருந்தா உள்ள தள்ளுங்க, முன்னாடி ஒரு பட்டை அடிங்க. பீரோ விழுந்தா கதவ அடைக்குற எடத்துல இருந்தா எடத்த மாத்துங்க.

மொட்டமாடில 1000 லிட்டர் டேங்க் ரொம்பினா ஒரு டன், அத நாலு செங்கல் தூண் மேல தூக்கி வச்சிருப்போம். ஆடினா முதல்ல அந்த தூண்தான் சாயும், டேங்க் எங்க விழும்னு சொல்ல முடியாது. தளத்தோட சேந்த கான்கிரீட் மேடை இல்லன்னா ஸ்டீல் ஸ்டாண்ட், அதையும் போல்ட் போட்டு இறுக்கணும், டேங்க்க பட்டை போட்டு கட்டணும். பைப் சேருற எடத்துல வளையுற ஹோஸ் கொடுத்தா உடையாது. கேஸ் சிலிண்டர சுவர்ல கொக்கி அடிச்சு சங்கிலி போட்டு நிறுத்துங்க, இன்வெர்ட்டர் பேட்டரியும் சக்கர டிராலில சும்மா நிக்குதான்னு பாருங்க, சாஞ்சா ஆசிட் கொட்டும். ஆட்டம் நின்னதும் ரெகுலேட்டர மூடிட்டுதான் வெளிய வரணும், கேஸ் வாசனை அடிச்சா எந்த சுவிட்சையும் தொடக் கூடாது.