பழைய பிளாஸ்மா டிவி: இரண்டில் எது தேறும் என்று பார்க்கும் முறை

புது பிளாஸ்மா டிவி இனிக் கிடைக்காது. டிவி தொழிலை விட்டு விலகுவதாகப் பயோனியர் 2009-ல் அறிவித்தது. பானசோனிக் 2013 டிசம்பரோடு பேனல் தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-ல் பிளாஸ்மா கடையைக் கட்டின. ஆகவே இன்று ஒப்பிடுவதெல்லாம் பல வருஷம் ஓடித் தேய்ந்த பெட்டிகளைத்தான். ஒரே மாடலில் ஒன்று பளிச்சென்று இருக்கும், இன்னொன்றில் ஏதோ ஒரு செய்தி சேனலின் லோகோ நிரந்தரமாகக் குடியேறியிருக்கும். மாடல் பெயரை வைத்து வடிகட்டலாம். முடிவைத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மாடலை வைத்து வடிகட்டுவது

பிளாஸ்மாவில் பின்விளக்கு கிடையாது. நியான், செனான் வாயு அடைத்த நுண்ணிய அறைகளில் மின்சாரம் பாயும்போது புற ஊதாக் கதிர் கிளம்பும். அது பாஸ்பர் பூச்சில் பட்டு ஒளியாகும். கூப்பிட்டவுடன் பற்றிக்கொள்வதற்காக எல்லா அறைகளையும் லேசாகத் தூண்டிக்கொண்டே இருப்பார்கள். கறுப்புக் காட்சியில் தெரியும் சாம்பல் மினுக்கம் அதனால் வருவது. இந்த மினுக்கத்தை அடக்கிய அளவில்தான் நல்ல பிளாஸ்மாவும் சுமார் பிளாஸ்மாவும் பிரிகின்றன.

அந்த வகையில் மேல்வரிசை மூன்று பிராண்டுகள். 2008-ல் வந்த இரண்டாம் தலைமுறை பயோனியர் குரோ, 2013-ல் வந்த பானசோனிக் விடி60, இசட்டி60, அதே ஆண்டின் சாம்சங் எஃப்8500. கருமையில் பானசோனிக் ஒரு படி மேல். வெளிச்சத்தில் சாம்சங் மேல். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு முன்னது, ஜன்னல் வெளிச்சம் விழும் கூடத்துக்குப் பின்னது. பானசோனிக் எஸ்டி60 விலைக்கு மிஞ்சிய சரக்கு. அதன் பெரிய அண்ணன்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இருட்டில் மட்டும்தான் கண்ணில் படும்.

விளம்பரத் தாளில் உள்ள இரண்டு எண்களைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஒன்று கான்ட்ராஸ்ட் விகிதம், அதாவது உச்ச வெளிச்சத்துக்கும் கருமைக்கும் உள்ள விகிதம். ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு அளந்தது. இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே அதற்கு அர்த்தமில்லை. மற்றொன்று 600 ஹெர்ட்ஸ். ஒரு நொடிக்கு 60 படம், ஒவ்வொரு படத்துக்கும் 10 மின்னல்கள், பெருக்கினால் 600. எல்சிடி டிவியின் 120, 240 ஹெர்ட்ஸோடு அதை வைத்துப் பார்ப்பது வீண்.

பிக்சல் கணக்கை மட்டும் கேட்டே ஆக வேண்டும். 42 அங்குலத்தில் பல மாடல்கள் 1024×768, 50 அங்குலத்தில் 1366×768. இரண்டுமே 'எச்டி ரெடி' என்ற முத்திரையோடு வந்தவை. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் படம் பார்க்க உறுத்தாது, ஆனால் கம்ப்யூட்டரை இணைத்தால் எழுத்து மசமசவென்று இருக்கும். 1920×1080 உள்ளதையே தேடுங்கள்.

திரைச் சோதனை

1920×1080 அளவில் ஏழு ஜேபெக் படங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்: முழுக் கறுப்பு, ஓரத்தில் சிறு வெள்ளைப் புள்ளியுள்ள கறுப்பு, வெள்ளை, நடுத்தரச் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம். கூடவே இருட்டுக் காட்சிகள் நிறைந்த ஒரு வீடியோ.

நீங்கள் போகும்வரை டிவியை ஆன் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பவர் சப்ளை போர்டில் கெபாசிட்டர் உப்பியிருந்தால் குளிர்ந்த நிலையில்தான் குட்டு வெளிப்படும்: 'டக் டக்' என்று ரிலே சத்தம் மட்டும் வந்து படம் வராது, அல்லது நாலைந்து முறை முயன்றபின் வரும். ஏற்கெனவே சூடேற்றி வைத்த டிவியில் இது தெரியாது. முன்விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கி, நிறுத்தி, மறுபடி மினுக்கினால் அது பழுதுக் குறியீடு, எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் வந்ததும் அரை மணி நேரம் சாதாரண நிகழ்ச்சி ஓடட்டும். பிக்சர் மோடை 'சினிமா'வுக்கோ 'டிஎச்எக்ஸ்'ஸுக்கோ மாற்றி, ஈகோ சென்சாரை (அறை வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியை மாற்றுவது) அணைத்து, ஓவர்ஸ்கேனை (படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்குவது) நிறுத்திவிடுங்கள். ஒப்பிடும் எல்லா டிவிக்கும் இதே அமைப்பு. 'டைனமிக்' மோடில் வைத்துக் காட்டினால் எந்தப் பெட்டியும் ஜொலிக்கத்தான் செய்யும்.

இனி விளக்கை அணையுங்கள். கண் பழக இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, முழுக் கறுப்புப் படத்தைப் போடுங்கள். சில மாடல்கள் முழுக் கறுப்பு வந்தால் சில நொடிகளில் பேனலையே அணைத்துவிடும். ஆகா என்ன கருமை என்று ஏமாறக் கூடாது. வெள்ளைப் புள்ளியுள்ள படத்தைப் போட்டால் நிஜக் கருமை தெரியும். திரைக்கும் அதைச் சுற்றியுள்ள கறுப்புச் சட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். கறுப்பின்மேல் குங்குமம் தூவியதுபோல் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மின்னினால், பேனலுக்குப் போகும் மின்னழுத்தம் சரியில்லை அல்லது பேனலே கிழடாகிவிட்டது. முன்னதைச் சரிசெய்யலாம், ஆனால் எது என்று வாங்கும் இடத்தில் நின்று சொல்ல முடியாது.

அடுத்து சாம்பல், பிறகு ஒவ்வொரு நிறமாக. மூன்று பாஸ்பரும் ஒரே வேகத்தில் தேயாது. சாம்பலில் மங்கலாக இருக்கும் லோகோ தடம் நீலத்திலோ பச்சையிலோ தெளிவாக நிற்கும். மூலைகள், கீழே செய்தி ஓடும் பட்டை, இடவலக் கரைகள் மூன்றையும் கவனியுங்கள். பழைய சதுர வடிவ நிகழ்ச்சிகளையே பார்த்திருந்தால், நடுப்பகுதி தேய்ந்து இரு கரைகளும் பளிச்சென்று இருக்கும். தடம் தெரிந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். திரை நிறைந்த, அசைவுள்ள வீடியோவை அரை மணி நேரம் ஓட்டுங்கள். தற்காலிகப் படிவு மங்கிவிடும், வெந்துபோன தடம் மாறாது. சாம்பல் படத்தில் மட்டும் தெரிகிற தடத்துக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஓடுகிற படத்திலேயே தெரிந்தால் எழுந்துவிடுங்கள்.

வெள்ளைப் படம் மங்கலாகத் தெரிவது பழுதில்லை. திரை முழுக்க வெள்ளை வரும்போது மின்செலவைக் கட்டுப்படுத்த டிவி தானே ஒளியைக் குறைக்கும். இந்த நேரத்தில் ஒலியை அணைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று காதைக் கொடுங்கள். 'ஙொய்' என்ற இரைச்சல் அங்கேயும் கேட்டால் அமைதியான காட்சிகளில் எரிச்சல் தரும். மலைப் பகுதிகளில் காற்றழுத்தம் குறைவதால் இந்த இரைச்சல் கூடும்.

கோடு விழுந்திருந்தால் திசையைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடு என்றால் பெரும்பாலும் கண்ணாடியோடு ஒட்டிய டிரைவர் பட்டை போயிருக்கும். வேலைக்காகாது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். குறுக்கே அகலமான பட்டையாக இருட்டடித்தால் திரையின் வரிகளை இயக்கும் பஃபர் போர்டாக இருக்கலாம், மாற்ற முடியும். ஆனால் நீங்களே பின்மூடியைக் கழற்றாதீர்கள். பேனலுக்கு மின்துடிப்பு கொடுக்கும் ஒய்-சஸ் போர்டில் சுமார் 200 வோல்ட் டிசி ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். போர்டு மாற்றிய டிவி என்றால், பேனலின் பின்புற லேபிளில் அச்சிட்ட வோல்ட் அளவுக்கு அதைச் சரிப்படுத்தினார்களா என்று கேளுங்கள்.

வசதிகளும் விலையும்

வசதிகளுக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. இந்த டிவிகளின் ஆப்களில் பல இப்போது வேலை செய்யாது. ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகி, அதை 1080பி-க்கு வைத்து, எச்டிஆர் வெளியீட்டை (இந்த டிவிகளுக்குப் புரியாத புதிய ஒளி முறை) அணைத்தால் போதும். எச்டிஎம்ஐ போர்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். ஒன்று செத்திருப்பது சகஜம். 3டி வேண்டுமென்றால் அந்த மாடலுக்கான கண்ணாடி கூடவே வருகிறதா என்று கேளுங்கள். சினிமாப் பிரியர்கள் நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை டிவி எப்படிக் காட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும்: 72 அல்லது 96 ஹெர்ட்ஸ் என்றால் வழுவழுப்பு, 48 என்றால் கண் கூசும் படபடப்பு.

விலையோடு மின்செலவையும் கூட்டுங்கள். அதே அளவு எல்இடி டிவியைவிட 150 வாட் கூடுதலாக இழுக்கும் பெட்டி, தினம் 5 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 274 யூனிட் அதிகம். ஒரிஜினல் ரிமோட், டேபிள் ஸ்டாண்டு, அதன் திருகுகள் இல்லையென்றால் அதற்கும் கழித்துக் கேளுங்கள்.

எடுத்து வரும்போது நிமிர்த்தியே வையுங்கள். படுக்கப்போட்டால் குலுங்கலில் கண்ணாடி விரியும். 50 அங்குல டிவியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். திரையில் கை அழுந்தாமல் அடிச்சட்டத்தைப் பிடிக்க வேண்டும். குளிரில் வந்த டிவியானால் உள்ளே நீர் கோத்திருக்கும், சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.