பிள்ளைக்கு இருதய எம்.ஆர்.ஐ. எடுக்கக் கிளிநொச்சியில் இருந்து புறப்பட முன்

எக்கோ (ஒலி அலையால் இருதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தாச்சு, பிறகேன் இந்த எம்.ஆர்.ஐ. என்றுதான் எல்லாரும் கேட்பம். சின்னப் பிள்ளையில் எக்கோ ஓட்டைகளையும் வால்வுகளையும் வடிவாகக் காட்டும். பிள்ளை வளர வளர நெஞ்செலும்பும் காற்று நிறைந்த சுவாசப்பையும் அதை மறைத்துவிடும். பெருநாடி எங்கே ஒடுங்கியிருக்கிறது, சுவாசப்பையில் இருந்து வரும் நாளம் இடம்மாறிச் சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

என் மகளுக்கு டெட்ராலஜி ஒஃப் பலோ, பிறவியிலேயே இருதயத்தில் நாலு குறைகள் சேர்ந்து வரும் நோய். குழந்தையாக இருக்கும்போதே ஒப்பரேசன் முடிந்தது. இப்படித் திருத்திய பிள்ளைகளில் பலருக்கு சுவாசப்பைக்குப் போகும் வால்வு லீக்காகி, இருதயத்தின் வலது கீழறை மெல்ல மெல்லப் பெரிதாகும். பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டுதான் திரியும். புது வால்வு எப்ப போடுவது என்று முடிவெடுக்க அந்த அறையின் அளவு வேண்டும். அதை அளப்பதில் எம்.ஆர்.ஐ.யை விஞ்ச வேறொன்றில்லை. கதிர்வீச்சும் இல்லை, அதனால் சில வருசத்துக்கு ஒருக்கால் எடுத்து ஒப்பிடலாம்.

எங்கட ஆக்கள் முதலில் யோசிக்க வேண்டியது உள்ளே பிள்ளையோடு ஆர் போவது என்பதைத்தான். எம்.ஆர்.ஐ. மெசின் ஒரு பெரிய காந்தம், அது இரவு பகலாக வேலை செய்தபடியே இருக்கும். கூடப் போகிறவரிடமும் உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். 2009 யுத்தத்தைக் கடந்து வந்த எத்தனை பேர் உடம்பில் செல் குண்டுத் துண்டோடு வாழ்கிறோம்! என் முதுகிலும் ஒன்று இருக்கிறது. காந்தம் அதை அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் என்றால் பேராபத்து. பல பேருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அதை முடிவெடுக்க வேண்டியது ஸ்கேன் எடுப்பவர்கள். ஆறின காயம்தானே என்று மறைக்காதீர்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். நான் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன், அவள்தான் மகளோடு உள்ளே நின்றாள்.

பிள்ளைக்கு பேஸ்மேக்கரோ, ஓட்டை அடைத்த கருவியோ இருந்தால் அதன் அட்டை கையில் இருக்க வேண்டும். நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி பெரும்பாலும் பிரச்சினை இல்லை, என்றாலும் சொல்லுங்கள். அரைஞாண், காப்பு, சட்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். தாயத்தை அம்மம்மாவிடம் முதலே சொல்லி சாமிப் படத்தடியில் வைத்துவிட்டுப் போனால் அங்கே நின்று இழுபறிப்பட வேண்டியதில்லை.

ஸ்கேன் ஒரு மணித்தியாலம் அளவில் போகும். நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர்களை ஒட்டி, இதயத் துடிப்போடு சேர்த்துப் படம் பிடிப்பார்கள், மூச்சு ஓடினால் படம் கலங்கும். மூச்சை வெளியே விட்டு, அப்படியே அடக்கிப் பத்துப் பதினைந்து செக்கன் அசையாமல் இருக்க வீட்டிலேயே, கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பழக்குங்கள். கொழும்பில் என்றால் சிங்களத்தில் சொல்லக்கூடும்: ‘ஹுஸ்ம கன்ன’ என்றால் மூச்சை இழு, ‘ஹுஸ்ம அல்லகென இன்ன’ என்றால் அடக்கு. மெசின் தடதடவென்று பெரிதாகச் சத்தம் போடும், காதுக்குக் கவசம் தருவார்கள் என்பதையும் முதலே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். வழமையாக சாப்பாடும் மாப்பாலும் ஆறு மணித்தியாலம், தாய்ப்பால் நாலு, வெறும் தண்ணி இரண்டு மணித்தியாலம் முன்னதாக நிற்பாட்ட வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரம்தான் உங்களுக்குக் கணக்கு. இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப்புறம் பிள்ளை பசிக்கு அழ, ஆரும் ஒரு பிஸ்கட்டை நீட்டிவிடுவார்கள், ஸ்கேன் நின்றுபோகும். முதல்நாளே போய்த் தங்குவது நல்லது. நீலம் பாயும் பிள்ளையை நெடுநேரம் தண்ணியில்லாமல் வைத்திருக்கக் கூடாது, சேலைன் தேவையா என்று கேளுங்கள். தடிமன், காய்ச்சல் என்றால் பஸ் ஏற முன்னமே போன் பண்ணுங்கள்.

படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் கடோலினியம் மருந்து கொடுப்பதென்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்த ரிப்போர்ட்டைக் கேட்கக்கூடும். கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

முடிந்ததும் ரிப்போர்ட்டோடு சீடியையும் கேட்டு வாங்குங்கள். வலது கீழறையின் கொள்ளளவு எவ்வளவு, வால்வு எத்தனை வீதம் லீக் என்று டொக்டரிடம் கேட்டு, திகதியோடு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது பழைய சீடியும் கூடவே போக வேண்டும்.