ஈவ் ஆன்லைனில் கனிம விலை சரியும்போது தாதுவை என்ன செய்வது? கணக்கோடு ஒரு செய்முறை

ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்வெளி விளையாட்டில் என் ஹேங்கர் (ஸ்டேஷனில் உள்ள கிடங்கு) நிறைய வெல்ட்ஸ்பார் என்ற தாது கிடந்த நேரத்தில், அதை உருக்கினால் வரும் டிரைட்டானியம் என்ற கனிமத்தின் விலை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. இப்போதே விற்பதா, வைத்திருப்பதா, உருக்கிக் கப்பல் கட்டுவதா என்று தெரியாமல் இரண்டு வாரம் தவித்தேன். கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான், விலைச் சரிவால் போனதைவிட நான் விற்ற விதத்தால் போனது அதிகம் என்று தெரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தாது தோண்டி ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கத் தெரிந்தால் போதும். மற்றதைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: எந்தக் கனிமம் இறங்குகிறது?

தாதுவின் விலை தனியாக ஏறி இறங்குவதில்லை. அதற்குள் இருக்கும் கனிமத்தின் விலைதான் அதை இழுத்துக்கொண்டு போகிறது. வெல்ட்ஸ்பாரில் டிரைட்டானியம் மட்டும்தான். ஸ்கார்டைட்டில் டிரைட்டானியத்தோடு பைரைட்டும் உண்டு. ஆகவே மார்க்கெட்டில் தாதுவைத் தேடாமல் கனிமத்தைத் தேடுங்கள்: டிரைட்டானியம், பைரைட், மெக்ஸலான், ஐசோஜென், நாக்ஸியம், ஸைட்ரின், மெகாசைட், மார்ஃபைட் என்று மொத்தம் எட்டு.

மார்க்கெட்டில் பார்க்கும் பகுதியை 'தி ஃபோர்ஜ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிட்டா 4-4 ஸ்டேஷன் அங்கேதான் இருக்கிறது. விளையாட்டின் மிகப் பெரிய சந்தையும் அதுதான். விலை வரலாறு என்ற தாவலைத் திறந்தால் 5 நாள் சராசரி, 20 நாள் சராசரி என்று இரண்டு கோடுகள் வரும். 5 நாள் கோடு 20 நாள் கோட்டுக்குக் கீழே போய், இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தால் அது சரிவு. ஒரே நாள் மட்டும் குத்தென்று இறங்கியிருந்தால் பதற வேண்டாம். யாரோ ஒருவர் பெரிய குவியலை ஒரே மூச்சில் விற்றிருக்கலாம்.

ஹேங்கரில் பொருளுக்குப் பக்கத்தில் 'மதிப்பிடப்பட்ட விலை' என்று ஒரு எண் காட்டும். சரிவுக் காலத்தில் அதை நம்பவே நம்பாதீர்கள். அது கடந்த நாட்களில் நடந்த விற்பனைகளின் சராசரி. விலை இறங்கும்போது அந்த எண் பின்தங்கியே இருக்கும். நான் முதல் வாரம் முழுக்க அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்; கையில் வந்த தொகை ஒவ்வொரு முறையும் குறைவாகவே இருந்தது.

படி 2: ஏன் இறங்குகிறது?

அதே வரைபடத்தின் அடியில் தினசரி விற்பனை அளவு பட்டைகளாக இருக்கும். விலை இறங்கி அளவு ஏறினால் சரக்கு வந்து கொட்டுகிறது என்று பொருள். விலையும் அளவும் சேர்ந்தே இறங்கினால் வாங்குவார் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. வாங்குவார் இல்லாத சரிவு ஒரு பெரிய போர் வந்தால் திரும்பிவிடும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த ஒரே சண்டையில், விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. அப்படி அழிந்தவற்றுக்கு ஈடு கட்ட வேண்டுமென்றால் எங்கிருந்தாவது கனிமம் வந்துதானே ஆக வேண்டும்?

சரக்கு கொட்டுவதால் வரும் சரிவு அப்படியல்ல. விளையாட்டின் விதி மாறும்வரை அது நீளும். 2016 நவம்பரில் வந்த 'அசென்ஷன்' மேம்பாட்டுக்குப் பிறகு ரார்க்குவல் என்ற பெரிய சுரங்கக் கப்பல்கள் ராட்சத டிரோன்களை விட்டுத் தோண்டத் தொடங்கின. கனிமம் மலைபோலக் குவிந்தது. டிரோன்களின் வேகத்தை, விளையாட்டை நடத்தும் சிசிபி நிறுவனம் பல முறை குறைத்தும் நிலைமை முழுதாக மாறவில்லை. 2020இல் தாதுக்களின் பரவலையே வெட்டிக் குறைத்த பிறகுதான் காற்று திசைமாறியது. அந்தப் பற்றாக்குறைக் காலம் 2021 கடைசி வரை போனது. ஆகவே சரிவு தொடங்கியதும் நான் முதலில் படிப்பது, விளையாட்டில் செய்த மாற்றங்களைப் பட்டியலிடும் பேட்ச் நோட்ஸ்.

அதற்கடுத்து, சிசிபி நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பொருளாதார அறிக்கை. அதில் ஏராளமான வரைபடங்கள் இருக்கும். தொடக்கத்தில் இரண்டு போதும்: எந்தப் பகுதியில் எவ்வளவு மதிப்புக்குத் தோண்டப்பட்டது, எவ்வளவு உற்பத்தியாகி எவ்வளவு அழிந்தது.

இன்னொன்று. பழைய வழிகாட்டிகளில் "இன்சூரன்ஸ் இருப்பதால் கனிம விலை ஓர் எல்லைக்குக் கீழே போகாது" என்று எழுதியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. கப்பல் அழிந்தால் கிடைக்கும் இன்சூரன்ஸ் தொகை மாறாமல் இருந்ததால், கனிமம் மலிந்தால் கப்பல் கட்டி உடைத்தே லாபம் பார்க்க முடிந்தது. 2010இலிருந்து இன்சூரன்ஸ் தொகை கனிம விலையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. அந்த அடிமட்ட எல்லை இப்போது இல்லை. அதை நம்பிச் சரக்கைப் பூட்டி வைக்காதீர்கள்.

படி 3: ஒரு கன மீட்டருக்கு என்ன கிடைக்கிறது?

நான் இடறி விழுந்தது இங்கேதான். அதனால் மெதுவாகப் போகிறேன்.

மைனிங் லேசர் தாதுவைக் கன மீட்டர் கணக்கில்தான் இழுக்கிறது. உங்கள் நேரத்தின் அளவுகோல் அதுதான். ஓர் அலகு வெல்ட்ஸ்பார் 0.1 கன மீட்டர். கெர்னைட் என்ற இன்னொரு தாது ஓர் அலகு 1.2 கன மீட்டர். கெர்னைட்டின் விலை வெல்ட்ஸ்பாரைப்போல் 12 மடங்கு இருந்தால்தான் இரண்டும் சமம். அலகு விலையை மட்டும் பார்த்து "கெர்னைட் நல்ல விலை போகிறது" என்று ஓடினால், பாதி நேரம் நஷ்டத்தில் தோண்டிக்கொண்டிருப்போம்.

இப்போது உருக்கும் கணக்கு. நூறு அலகு வெல்ட்ஸ்பாரில் 400 டிரைட்டானியம் இருக்கிறது. ஆனால் அது முழுதாக உங்கள் கைக்கு வராது. சாதாரண ஸ்டேஷனில் அடிப்படை விளைச்சல் 50 சதவீதம். அதன்மேல் ரீபிராசஸிங் (உருக்கும்) ஸ்கில் ஒவ்வொரு நிலைக்கும் 3 சதவீதம், ரீபிராசஸிங் எஃபிஷியன்சி ஒவ்வொரு நிலைக்கும் 2 சதவீதம், அந்தத் தாது வகைக்கான ஸ்கில் ஒவ்வொரு நிலைக்கும் 2 சதவீதம் கூட்டும். இவற்றைக் கூட்டிச் சேர்க்கக் கூடாது, பெருக்க வேண்டும். என் நிலைகள் அப்போது முறையே 4, 3, 2:

50 × 1.12 × 1.06 × 1.04 = 61.7 சதவீதம்

வென்சர் என்ற சிறிய சுரங்கக் கப்பலின் தாதுக் கிடங்கு 5,000 கன மீட்டர். அதாவது 50,000 அலகு வெல்ட்ஸ்பார். உள்ளே இருப்பது 2,00,000 டிரைட்டானியம். எனக்கு வந்தது சுமார் 1,23,400. கணக்கு எளிதாக இருக்க ஓர் அலகு டிரைட்டானியம் 4 ஐஎஸ்கே (விளையாட்டின் பணம்) என்று வையுங்கள். கிட்டத்தட்ட 4,94,000.

சரி, அதே தாதுவை உருக்காமல் கம்ப்ரஸ் செய்து, அதாவது கன அளவைச் சுருக்கி, விற்றால்? வாங்குபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். விளைச்சலைக் கூட்டும் நல்ல ரிக் பொருத்திய ரிஃபைனரியும் (தாது உருக்கும் கட்டடம்) முழு ஸ்கில்லும் வைத்திருப்பவருக்கு 90 சதவீதம் வரை விளைச்சல் கிடைக்கிறது. நூறு அலகிலிருந்து அவர் 360 டிரைட்டானியம் எடுக்கிறார், மதிப்பு 1,440. அவர் பார்வையில் ஓர் அலகு தாது 14.4 ஐஎஸ்கே. போக்குவரத்துக்கும் லாபத்துக்கும் கொஞ்சம் கழித்து அவர் 13 கொடுத்தாலும், 50,000 அலகுக்கு எனக்கு 6,50,000 வந்துவிடும்.

வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல், ஒரே ஒரு கிடங்கு நிறைப்பில். டிரைட்டானியம் விலை அந்த இரண்டு வாரத்தில் இறங்கியதெல்லாம் இதற்கு முன்னால் சிறியது. நான் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டது விலையை. ஒழுகியது என் விளைச்சல் சதவீதம்.

எப்போதும் கம்ப்ரஸ் செய்வதே லாபம் என்று சொல்ல வரவில்லை. சில தாதுக்களுக்கு வாங்குபவர் குறைவு. அப்போது கனிமமாக விற்பது நல்லது. விற்கும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் போட்டுப் பாருங்கள். அப்புறம், உருக்கும்போது நூறு நூறாகத்தான் எடுக்கும். நூறுக்குக் குறைவாக மிச்சமிருப்பது அப்படியே கிடக்கும். அதைச் சேர்த்து வைத்து அடுத்த முறை போடுங்கள்.

கருவி பற்றி என் கருத்து: விலை பார்க்க 'ஜானிஸ்' இணையதளம் ஒன்றே போதும். ஹேங்கரில் பட்டியலை நகலெடுத்து அங்கே ஒட்டினால் வாங்கும் விலை, விற்கும் விலை, நடு விலை என்று மூன்றும் வரும். சரிவில் வாங்கும் விலையை மட்டும் பாருங்கள். இன்றைக்கே கையில் வரும் பணம் அதுதான். எக்செலுக்கு அதிகாரபூர்வமான இணைப்பும் 2023இல் வந்தது. நல்ல கருவிதான், ஆனால் தொடக்கத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு நெடுவரிசை கொண்ட ஒரு சாதாரணத் தாளில் கையால் எண்ணை எழுதினால்தான் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று மனதில் பதியும். தாது, அலகின் கன மீட்டர், உருக்கினால் வருவது, கம்ப்ரஸ் செய்தால் வருவது. அவ்வளவுதான்.

படி 4: விற்கும் விதம்

ஏற்கெனவே இருக்கும் பை ஆர்டருக்கு (வாங்குபவர் விலை சொல்லி வைத்தது) விற்றால் விற்பனை வரி மட்டும் போகும். நீங்களே விலை சொல்லி செல் ஆர்டர் போட்டால் வரியோடு தரகுக் கட்டணமும் சேரும். விலை நிலையாக இருக்கும் காலத்தில் செல் ஆர்டர் நல்லது. சரிவில் நான் போடுவதில்லை. காலையில் போட்ட விலைக்கு மாலைக்குள் பத்துப் பேர் கீழே போய்விடுவார்கள். விலையை மாற்றலாம் என்றால், 2020இலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணம் உண்டு. நான்கு முறை மாற்றினால் கிடைக்கவிருந்த கூடுதல் காசு அதிலேயே கரைந்துவிடும்.

அக்கவுண்டிங் ஸ்கில் ஒவ்வொரு நிலைக்கும் 11 சதவீதம் விற்பனை வரியைக் குறைக்கும். மைனிங் ஸ்கில்லைக் கடைசி நிலைக்கு ஏற்றுவதற்கு முன் இதை 3 அல்லது 4 வரை ஏற்றுங்கள்.

படி 5: கப்பல் கட்டலாமா?

"நான் தோண்டிய கனிமம் எனக்கு இலவசம்தானே" என்ற எண்ணத்தில் நான் இருபது கப்பல் கட்டினேன். கட்டியதை விற்றபோது பணம் வந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. பிறகு கணக்கெடுத்தால், கனிமத்தை அப்படியே விற்றிருந்தால் அதைவிட அதிகம் வந்திருக்கும். தோண்டிய கனிமத்துக்கும் விலை உண்டு: அன்றைக்கு ஜிட்டாவின் பை ஆர்டர் கொடுக்கும் விலை. செலவுக் கணக்கில் அதை எழுதுங்கள். அதோடு தொழிற்சாலைக் கட்டணத்தையும் சேருங்கள். அப்புறமும் கப்பலின் விற்பனை விலை மேலே இருந்தால் தாராளமாகக் கட்டலாம்.

உண்மையில் சரிவு தொடங்கிய முதல் சில நாட்கள் கட்டுபவருக்கு நல்ல நேரம். கப்பல் வைத்திருப்பவர்கள் பழைய விலைக்குக் கனிமம் வாங்கியவர்கள். அவர்கள் சட்டென்று இறங்க மாட்டார்கள். கனிமம் முதலில் இறங்கும், கப்பல் பின்னால்தான் இறங்கும். அந்த இடைவெளியில் சின்னக் கப்பல்களைக் கொஞ்சமாகக் கட்டி விற்றேன். பெரிய கப்பலுக்கு அந்த நேரம் போதாது. கட்டி முடிப்பதற்குள் இடைவெளி மூடிவிடும்.

பின்சேர்க்கை 1: "கம்ப்ரஸ் செய்யும் பொத்தானே இல்லையே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் சொல்லாமல் விட்டது என் தவறு. சாதாரண ஸ்டேஷனில் கம்ப்ரஸ் செய்ய முடியாது. வீரர்கள் நடத்தும் அத்தனார், டடாரா போன்ற ரிஃபைனரிகளுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆர்கா, போர்பாய்ஸ் போன்ற துணைக்கப்பல் உள்ள குழுவோடு தோண்ட வேண்டும். கம்ப்ரஸ் செய்தால் அலகு எண்ணிக்கை மாறாது, கன அளவு நூறில் ஒன்றாகும். 5,000 கன மீட்டர் வெறும் 50 ஆகிவிடும். ஜிட்டா வரை கொண்டுபோவதும் எளிது.

பின்சேர்க்கை 2: ஒருவருக்கு நல்ல விலையில் பை ஆர்டர் தெரிந்தும் விற்க முடியவில்லை. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்த ஆர்டரில் குறைந்தபட்ச அளவு இருக்கும். உங்கள் கையில் அதற்குக் கீழே இருந்தால் ஏற்காது. இரண்டாவது, ஆர்டரின் எல்லை. 'ஸ்டேஷன்' என்றிருந்தால் அங்கே போனால்தான் விற்கலாம். 'பகுதி' என்றிருந்தால் அந்தப் பகுதிக்குள் எங்கே நின்றும் விற்கலாம், சரக்கு நீங்கள் நிற்கும் இடத்திலேயே அவருக்குப் போய்ச்சேரும். வீரர்கள் நடத்தும் கட்டடத்தில் இருக்கும் ஆர்டர் என்றால், சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன் அங்கே உங்களை உள்ளே விடுவார்களா என்று காலிக் கப்பலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.