கையெழுத்தில்லாத பழைய மலைக்காட்சி ஓவியத்தை எப்படி மதிப்பிடுவது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பங்களாவைக் காலி செய்யும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு ஓர் ஓவியமும் வெளியே வரும். ஏரியோ தேயிலைச் சரிவோ தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தோ இருக்கும், மூலையில் கையெழுத்து மட்டும் இருக்காது. உடனே யார் வரைந்தது என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். முறையாகப் படிக்காதவர்கள் வரைந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடைக்கப்போவதே இல்லை. எந்தக் காலம், எந்த இடம், என்ன நிலைமை, எப்படிப்பட்ட கை என்பதை வைத்துத்தான் விலை.

முதல் விஷயம், துடைக்காதீர்கள். ஈரத்துணி, உருளைக்கிழங்கு, எண்ணெய் எதுவும் வேண்டாம், மழைக்காலத்தில் பிடித்த பூஞ்சைகூட அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் படத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள், முன்பக்கத்தைவிட அங்கேதான் செய்தி அதிகம். சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் பொக்கிஷம்: முகவரியில் பின்கோடு இருந்தால் சீட்டு 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சானது. சட்டத்தில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால், அது சந்தைக்கு வந்ததே 1930களின் நடுவில். ஆனால் சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அதனால் சட்டத்தின் வயதைப் படத்தின் வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூதக்கண்ணாடியில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால், பிற்பாடு பூசிய இடங்கள் பெரும்பாலும் கருந்திட்டாகத் தெரியும். நீலவெள்ளையாகப் பளிச்சிடும் காகிதம் 1950 வாக்கிலோ அதற்குப் பிறகோ தயாரானது. விற்பவர் திடீரென்று ஒரு கையெழுத்தைக் காட்டினால், மை பழைய வெடிப்புகளுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இறங்கியிருந்தால் பின்னாளில் போட்டது.

இனி காட்சி. இதில் நம் மலைக்காரர்களுக்கு எந்த நகரத்து நிபுணரைவிடவும் கண் அதிகம். ரயில் குன்னூருக்கு வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல், எனவே ஊட்டியில் ரயில் நின்றால் அதற்கு முந்தைய படமாக இருக்க வழியில்லை. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) 1843இல்தான் இங்கே வந்தது. ஏரி இன்றைய பஸ் ஸ்டாண்டு, பந்தய மைதானம் வரைக்கும் விரிந்து கிடந்தால் பழைய ஊட்டிதான், ஆனாலும் அவசரப்பட வேண்டாம், பழைய தபால் அட்டையைப் பார்த்து ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் வரைந்திருக்கலாம். படத்தில் இருப்பது காலத்துக்கு எல்லை போடும், இல்லாதது எதையும் நிரூபிக்காது.

கை எப்படிப்பட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மலை ஒரு கோணத்தில், வீடு நேர் முகத்தில், மாடு ஆளைவிடப் பெரிதாக இருந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள், நாட்டுப்புறக் கலையின் மதிப்பே அந்தப் பிடிவாதமான பார்வைதான். தோடர் குடிலை வைத்து ஒரு சோதனை செய்யலாம்: அரைப்பீப்பாய் போல வளைந்த அந்தப் பழைய குடிலின் வாசல் தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறியது, அதை அப்படியே போட்டவர் நின்று பார்த்து வரைந்திருக்கிறார், ஆள் நிமிர்ந்து நடக்கும் வாசல் போட்டவர் பெரும்பாலும் கேள்விப்பட்டதை வரைந்திருக்கிறார். நின்று பார்த்து வரைந்ததற்கு நான் தயங்காமல் கூடுதல் விலை சொல்வேன். கிழிசலும் பிற்காலப் பூச்சும் அதைக் குறைக்கும்.

விலைக்கு, கடைக்காரர் சொல்லும் தொகையைப் பார்க்காமல், அதே அளவில், அதே பொருளில், கையெழுத்தில்லாத படங்கள் ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். காப்பீட்டுக்கான மதிப்பு வேறு, விற்றால் கைக்கு வரும் தொகை வேறு. மதிப்பிட்டுச் சொல்பவரே வாங்கவும் முன்வந்தால், அல்லது படத்தின் விலையில் சதவீதம் கூலியாகக் கேட்டால், வேறு ஆளைப் பாருங்கள். நூறு வருஷம் தாண்டியது என்று தெரிந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும்: தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் கேட்டுவிட்டு விற்பனைக்கு இறங்குங்கள், வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிவைக்க முடியாது.